ஏழடி ஆழம் என்றால் எங்கிருந்து ஏழடி?

குளிர் இறங்குவதற்குள் பாய்மரப் படகை அமெரிக்கக் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று நானும் என் கணவரும் இரண்டு வருடம் திட்டம் போட்டோம். செசபீக் வளைகுடாவில் ஐந்து கோடை படகு ஓட்டிய பழக்கம் இருந்தது. வழியோ இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. கரைக்கு உள்ளேயே ஆறுகளையும் காயல்களையும் வெட்டிய கால்வாய்களையும் கோத்துச் செல்லும் நீர்வழி அது. திறந்த அட்லாண்டிக்கில் போவதைவிட இது சுலபம் என்றுதான் நினைத்திருந்தோம். அலை பற்றிய வரைக்கும் அது உண்மை. ஆனால் நடுக்கடலில் அடியில் நூறடித் தண்ணீர் இருக்கும், இங்கே சில இடங்களில் கீலுக்கும் (படகின் அடியில் நீண்டிருக்கும் பாகம்) சேற்றுக்கும் நடுவே ஓரடிகூட இருக்காது. ஜார்ஜியாவில் தரை தட்டிக் கிடந்த அந்த மத்தியானம், இதை ஒருவராவது முன்னாலேயே உட்கார வைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையே வந்தது. அடுத்த அக்டோபரில் புறப்படப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் படகு 40 அடி நீளம். தண்ணீருக்குக் கீழே 5 அடி 6 அங்குலம், நீர்மட்டத்திலிருந்து ஆன்டெனா நுனிவரை 63 அடி. இந்த இரண்டு அளவுகள்தான் இந்தப் பயணத்தின் தலையெழுத்து. கம்பெனிக் காகிதத்தில் இருப்பதை நம்பாதீர்கள். அதில் ஆன்டெனாவும் காற்றுமானியும் சேர்ந்திருக்காது. டீசல், தண்ணீர், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு படகு சில அங்குலம் அமுங்கும். அதற்கு அப்புறம் ஆளைப் பாய்மரத்தின் உச்சிக்கு ஏற்றி, டேப்பைத் தொங்கவிட்டு அளந்துகொள்ளுங்கள். இந்த வழியில் நிலையான பாலங்களுக்குப் பொதுவாக 65 அடி உயரம். அல்லிகேட்டர்-பங்கோ கால்வாயின் தெற்கு முனையில் இருக்கும் வில்கர்சன் பாலம் 64 அடிதான். மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் 56 அடி. ஆகவே எங்களைப் போன்ற படகுகள் அந்தப் பாலத்தை உள்வழியாகக் கடக்கவே முடியாது. ஃபோர்ட் லாடர்டேலில் கடலுக்கு வெளியேறி, மயாமியில் திரும்ப உள்ளே வரவேண்டும். பல பாலங்களின் காலில் அளவுப் பலகை இருக்கும். அந்த நிமிடம் எத்தனை அடி இடைவெளி இருக்கிறது என்பதை அதில் பார்த்துவிட்டுப் போங்கள். வட கரோலினாவின் பெரிய காயல்களில் நிலவின் ஏற்றவற்றம் கிட்டத்தட்ட இல்லை, காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. இரண்டு நாள் ஒரே பக்கமிருந்து பலமாக வீசினால் மட்டம் ஓரடி, இரண்டடி மாறிவிடும். அதனால் வில்கர்சனுக்குப் போகுமுன் நிலவைப் பார்ப்பதைவிடக் காற்றைப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வரிவரியாகப் படித்துவிடுங்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. இன்ன தேதிக்கு முன் இன்ன அட்சரேகைக்குத் தெற்கே போனால் புயல் சேதத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று பல பத்திரங்களில் ஷரத்து இருக்கும். எங்களுடையது நவம்பர் 1 வரை 35 டிகிரி. அக்டோபர் 24 அன்று வர்ஜீனியாவின் நார்ஃபோக்கை விட்டுக் கிளம்பிய பிறகுதான் இதைக் கவனித்தோம். வட கரோலினாவின் ஓரியண்டல் ஊர் 35 டிகிரிக்குச் சற்று வடக்கே இருப்பதால் அங்கேயே நான்கு இரவு கட்டிக் கிடந்தோம். இரவுக்கு 90 டாலர் வீதம் 360 டாலர் போனது. அதே நாட்களை நார்ஃபோக்குக்கு வடக்கே ஏதாவது ஓடையில் நங்கூரம் போட்டுச் செலவில்லாமல் கழித்திருக்கலாம்.

இன்னொன்றையும் புறப்படுமுன் செய்திருக்க வேண்டும், நாங்கள் செய்யவில்லை. தரை தட்டினால் இழுத்துவிட வரும் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது. இந்தக் கரையில் ஸீ டோ, டோபோட்யுஎஸ் என்று இரண்டு பெரிய சேவைகள் இருக்கின்றன. ஆண்டுக்கு இருநூறு டாலர் அளவில் ஆகும். "நாம் ஜாக்கிரதையாகத்தானே ஓட்டுகிறோம்" என்று தள்ளிப் போட்டதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நீர்வழியின் மைல் கணக்கு நார்ஃபோக்கில் பூஜ்யத்தில் தொடங்கிக் கீ வெஸ்டில் 1,243-இல் முடிகிறது. இவை நிலத்து மைல்கள், கடல் மைல்கள் அல்ல. படகின் வேகமானி ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் காட்டும், அதை 1.15-ஆல் பெருக்கினால்தான் வரைபடத்து மைல் கிடைக்கும். ஆறு நாட் வேகத்தில் போனால் மணிக்கு ஏழு மைலுக்குச் சற்றுக் குறைவு. பாலம் மணிக்கு ஒருமுறைதான் திறக்கும் என்றால் இந்தப் பெருக்கலைத் தவறவிட்டவர்கள் ஒரு மணி நேரம் காற்றில் வட்டமடிக்க நேரும். முதல் நாளே இதில் மாட்டினோம். நார்ஃபோக்குக்குத் தெற்கே கில்மர்டன் தூக்குப் பாலம் வார நாட்களில் காலை, மாலை அலுவலக நேரத்தில் படகுக்காகத் திறக்காது. அதைத் தாண்டினால் கிரேட் பிரிட்ஜ் லாக் (நீர்மட்டத்தைச் சரிசெய்து படகை விடும் மதகு), அடுத்து மணி அடித்தாற்போல் திறக்கும் கிரேட் பிரிட்ஜ் பாலம், அப்புறம் சென்டர்வில், நார்த் லேண்டிங் பாலங்கள். இவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே கால அட்டவணையாக எழுதிக்கொண்டு, கடைசிப் பாலத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படுங்கள். வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் பாலக்காரரை ரேடியோவில் 13-ஆம் சேனலில் கூப்பிட வேண்டும். தென் கரோலினா தொடங்கி ஜார்ஜியா, ஃபுளோரிடாவில் 9-ஆம் சேனல். பாலத்தின் பெயர், உங்கள் படகின் பெயர், எந்தத் திசையில் போகிறீர்கள் என்ற மூன்றும் போதும். பணிவாகப் பேசுங்கள். நாள் முழுக்க அவசரக்காரர்களின் குரலையே கேட்கும் வேலை அவர்களுடையது.

நார்ஃபோக்கிலிருந்து இன்னொரு வழியும் உண்டு, 1805-இல் திறந்த டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். இருபுறமும் மரம் கவிந்து மிக அழகாக இருக்கும் என்பார்கள். ஆறடி ஆழம்தான் உத்தரவாதம், அடியில் முறிந்த மரக்கட்டைகளும் கிடக்கும். ஐந்தரை அடி கீலோடு அதில் நுழைய எனக்கு மனம் வரவில்லை. நாலரை அடிக்குள் இருக்கும் படகென்றால் யோசிக்காமல் போகலாம்.

அல்பமார்ல் காயலைக் காற்று 15 நாட் வேகத்துக்கு மேல் இருக்கும்போது கடக்காதீர்கள். அகன்ற, ஆழமில்லாத தண்ணீர், அதனால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பி முகத்தில் அறையும். இந்தப் பகுதியில் உள்வழியை விட்டு வெளியே போகவும் ஆசைப்பட வேண்டாம். ஹாட்டரஸ் முனைக்கு வெளியே வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்தின் மேல் நவம்பர் வாடைக்காற்று எதிராக வீசும்போது எழும் கடல் சிறுபடகுக்கு ஏற்றதல்ல. போஃபோர்ட் வரைக்கும் உள்ளேயே இருங்கள். இந்த ஊர்ப் பெயர் விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு: எழுத்து ஒன்றேதான், வட கரோலினாவில் அதைப் போஃபோர்ட் என்பார்கள், தென் கரோலினாவில் ப்யூஃபர்ட் என்பார்கள். ரேடியோவில் மாற்றிச் சொன்னால் குழப்பம்.

தெற்கே போகும்போது சிவப்பு முக்கோணப் பலகை வலப்புறம், பச்சைச் சதுரம் இடப்புறம். இது பொது விதி. ஆனால் கடலுக்குப் போகும் ஓர் ஆற்றோடு நம் வழி சேரும் இடங்களில் நிறம் தலைகீழாகிவிடும். கேப் ஃபியர் ஆற்றில் சவுத்போர்ட்டை நோக்கி இறங்கும்போது அப்படித்தான், சிவப்பு இடப்புறம் வரும். அந்த இடங்களில் நிறத்தை மறந்துவிட்டு, பலகையில் ஒட்டியிருக்கும் சிறிய மஞ்சள் குறியை மட்டும் பாருங்கள். மஞ்சள் முக்கோணமென்றால் வலப்புறம் விடுங்கள், மஞ்சள் சதுரமென்றால் இடப்புறம். அதற்குத் தெற்கே லாக்வுட்ஸ் ஃபாலி, ஷாலட் முகத்துவாரங்களை நம் வழி குறுக்கே கடக்கிறது. கடலலை மணலை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பதால் மிதவைகளை அடிக்கடி நகர்த்துவார்கள். வரைபடத்தில் இருக்கும் மிதவைக்கும் கண்ணெதிரே இருக்கும் மிதவைக்கும் வித்தியாசம் வந்தால் கண்ணை நம்புங்கள். ராணுவப் பொறியாளர் படை அளந்து வெளியிடும் ஆழ அளவீடுகளை அக்வா மேப் போன்ற செயலிகளில் வரைபடத்தின் மேலேயே பார்க்கலாம். நாங்கள் வாங்கிய எல்லாவற்றிலும் மிகப் பயன்பட்டது அதுதான்.

மர்ட்டில் பீச் பக்கம் சுமார் 350-ஆம் மைலைச் சுற்றிப் பாறையை வெட்டிய குறுகலான கால்வாய் வரும். மற்ற இடங்களில் தட்டினால் சேறு, இங்கே தட்டினால் கீலே உடையும். நுழையுமுன் 16-ஆம் சேனலில் நாங்கள் தெற்கு நோக்கி உள்ளே வருகிறோம், எதிரே பார்ஜ் (பெரிய சரக்குப் படகு) வருகிறதா என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். அதைத் தாண்டியதும் வக்காமா ஆறு. சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். இந்த நீர்வழியிலேயே நான் இன்னொரு முறை போக ஏங்கும் இடம் அது.

சார்ல்ஸ்டனிலிருந்து கணக்கு மாறுகிறது. இனி ஏற்றவற்றம்தான் எஜமான். நகரத்தை விட்டதும் வரும் ‘எலியட் கட்’ என்ற கால்வாயில் நீரோட்டம் நான்கு நாட் வேகத்துக்கு மேல் ஓடும். எதிராகப் போனால் ஆறு நாட் வேகத்தில் போகும் படகு ஆமையாகிவிடும். நீரோட்டத்தோடு போனாலோ சுக்கான் சொன்னபடி கேட்காது. நங்கூரம் போடும் கணக்கும் இங்கிருந்து வேறு. வற்றத்தில் 10 அடி ஆழம் இருக்கிறது என்று ஐம்பதடிச் சங்கிலி விட்டுத் தூங்கினால் நடு இரவில் இழுத்துக்கொண்டு போகும். 10 அடியோடு ஏறப்போகும் 8 அடியைக் கூட்டுங்கள், நீர்மட்டத்திலிருந்து முன்மூக்கின் உயரம் 4 அடியையும் கூட்டுங்கள். 22 அடி வருகிறது. ஐந்து மடங்கு என்றால் 110 அடிச் சங்கிலி. இரவில் நீரோட்டம் திசை மாறும்போது படகும் திரும்பும், அந்த வட்டத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

இனி ஜார்ஜியா. இங்கே தண்ணீர் ஏழு முதல் ஒன்பது அடி வரை ஏறி இறங்கும். இறங்குவது சீராக இருக்காது என்பதை நன்றாக மனதில் பதியுங்கள். வற்றத் தொடங்கி முதல் மணியில் மொத்த இறக்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. எட்டடி வற்றமென்றால் நடு மணிகளில் மணிக்கு இரண்டடி, அதாவது இரண்டரை நிமிடத்துக்கு ஓர் அங்குலம். நாங்கள் கடக்க வேண்டியிருந்தது 655-ஆம் மைலருகே லிட்டில் மட் ரிவர். சின்னச் சேற்றாறு என்று பெயரே எச்சரிக்கிறது. வற்றத்தில் அங்கே மூன்றரை அடி அளவுதான் இருக்கும். அன்று உயர் ஏற்றம் காலை 8:20. ஒன்பதரைக்குள் தாண்டிவிடுவதாகத் திட்டம். விடிந்து பார்த்தால் மூடுபனி, முன்மூக்கே தெரியவில்லை. பனி விலகிப் புறப்படும்போது பத்தரை தாண்டிவிட்டது. திட்டம் மூன்று மணி நேரம் தள்ளிப்போனது, ஆழக் கணக்கை மட்டும் நாங்கள் திரும்பப் போடவில்லை. இதுதான் எங்கள் முதல் தப்பு. இன்னும் சொன்னால் ஒன்பதரைத் திட்டமே தப்பு. ஆழமில்லாத இடத்தை எப்போதும் தண்ணீர் ஏறும்போதுதான் கடக்க வேண்டும். ஏறும்போது தட்டினால் அரைமணியில் அதுவே தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் நிமிடத்துக்கு நிமிடம் ஆழப் புதைவோம்.

இரண்டாவது தப்பு ஆழமானி. அதன் உணரி படகின் அடியில், நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே இருக்கிறது. முன்பெல்லாம் உணரியிலிருந்து ஆழம் காட்டும். பயணத்துக்கு முந்தின வாரம் என் கணவர் நீர்மட்டத்திலிருந்து காட்டும்படி மாற்றி வைத்தார். என்னிடம் சொன்னதாக அவருக்கு ஞாபகம், கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. சுக்கானில் நான் இருந்தேன், அவர் கீழே இருந்தார். "ஏங்க, ஏழு காட்டுது" என்றேன். "சரிம்மா, மெதுவா போ" என்றார். ஏழென்றால் கீலுக்குக் கீழே மூன்றடி என்பது என் கணக்கு, நிஜத்தில் ஒன்றரை அடி. ஆறு என்று வந்தபோதும் இரண்டடி இருக்கிறதே என்று நேராகப் போனேன். 12:20-க்கு, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஒரு சத்தமுமில்லாமல் நின்றோம். உங்கள் ஆழமானி எங்கிருந்து அளக்கிறது என்பதை ஒரு டேப்பில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: "நீர்மட்டத்திலிருந்து. 5.5-இல் தட்டும். 8-இல் நிறுத்து."

மூன்றாவது தப்பு பயத்தில் செய்தது. எஞ்சினைப் பின்கியரில் போட்டு முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டினோம். படகு அசையவில்லை, குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் சேற்றை உறிஞ்சிக்கொண்டது, சூட்டு அலாரம் அலறியது. முதல் அரை நிமிடம் மெதுவாகப் பின்னால் முயலுங்கள், நகரவில்லையென்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். பிறகு செய்ய வேண்டியவை இவை. டிங்கியில் (கூடவே வரும் சிறு படகு) ஒரு நங்கூரத்தை ஏற்றி ஆழமுள்ள பக்கம் கொண்டுபோய்ப் போடுங்கள். தண்ணீர் திரும்ப ஏறும்போது காற்று படகை இன்னும் மேட்டுக்குத் தள்ளாமல் அது பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து ஜன்னல்களையும் வால்வுகளையும் மூடுங்கள். அடுப்பு எரிவாயுவை அடைத்துவிடுங்கள். அதற்கப்புறம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

அந்தக் கணக்கை நாங்கள் போட்டிருந்தால் 1,860 டாலர் மிஞ்சியிருக்கும். வற்றத்தின் அடிமட்டம் 2:30 மணிக்கு. அதற்கு இரண்டு மணி பத்து நிமிடம் முன்னால் தட்டினோம் என்றால், அதற்கு ஏறக்குறைய அதே நேரம் பின்னால், 4:45 வாக்கில், படகு தானாக மிதக்கும். அந்திக்கு முன்பே. ஆனால் படகு இருபது டிகிரி சாய்ந்து, உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டபோது எனக்குக் கைகால் ஓடவில்லை, ரேடியோவில் இழுவைப் படகைக் கூப்பிட்டுவிட்டோம். ஒன்றரை மணியில் வந்தார்கள். வற்றத்தில் இழுக்க முடியாது, தண்ணீர் ஏறட்டும் என்று பக்கத்திலேயே நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள். அவர்கள் துறையை விட்டுக் கிளம்பியது முதல் திரும்பிப் போய்ச் சேரும்வரை மணிக்கணக்கில் கட்டணம். 4:15-க்கு இழுத்துவிட்டார்கள். தானாக மிதப்பதற்கு அரைமணி முன்னால். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, கூப்பிட்டோம், வந்தார்கள். யாரைக் கூப்பிட்டாலும் கயிற்றை வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: இது மணிக்கணக்கு இழுவையா, மீட்பு ஒப்பந்தமா? மீட்பு என்றால் படகின் மதிப்பை வைத்துப் பணம் கேட்கலாம். ஆபத்தில்லாத சேற்றில் கிடக்கும்போது அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுநாள் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பைத் திறந்தால் இம்பெல்லரின் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) மூன்று இறக்கைகளைக் காணோம். புது இம்பெல்லர் போட்டால் மட்டும் வேலை முடியாது, உடைந்த துண்டுகள் வெப்பமாற்றியின் வாயில் போய் அடைத்திருக்கும். மூன்றையும் தேடி எடுத்த பிறகுதான் எஞ்சினை நம்பலாம். இரண்டு இம்பெல்லர், பம்ப் மூடிக்கு இரண்டு கேஸ்கெட், ஒரு பெல்ட், டீசல் ஃபில்டர் நாலைந்து என்று கையில் வையுங்கள். எங்களிடம் கேஸ்கெட் இல்லை, அதற்காக இரண்டு நாள் கிடந்தோம். பாய்மரப் பயணம் என்று சொல்கிறோமே தவிர, நாங்கள் மொத்தம் 175 மணி நேரம் எஞ்சினில்தான் போனோம், சுமார் 130 கேலன் டீசல். நடுவில் ஒருமுறையாவது எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கும். ஜார்ஜியாவே வேண்டாம் என்பவர்கள், காற்று சாதகமாக இருந்தால், சார்ல்ஸ்டனில் கடலுக்கு வெளியேறி ஒரு பகல் ஓர் இரவில் செயின்ட் மேரிஸ் முகத்துவாரத்தில் உள்ளே வரலாம். ஆழமான, கப்பல் போகும் முகத்துவாரங்கள் இரண்டும்.

ஃபுளோரிடாவில் மடான்ஸஸ் முகத்துவாரத்து மணலைத் தவிர ஆழக் கவலை குறைவு, அங்கே பாலங்கள்தான் நேரத்தைத் தின்னும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவதால் ஐந்தரைக்கே இருட்டிவிடும். மூன்றரைக்கு நங்கூரம் போடும்படி திட்டமிடுங்கள். இழுபட்ட அந்த நாளுக்கு அப்புறம் எங்கள் வழக்கம் மாறியது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ஒரே தாளில் எழுதுவோம்: நாளை வழியில் மிக ஆழம் குறைந்த இடம் எது, அங்கே தண்ணீர் ஏறும் நேரம் எது, எத்தனை மணி தாண்டிவிட்டால் போகவே கூடாது. அந்தக் கடைசி நேரத்தைப் பெரிதாக வட்டமிடுவோம். புறப்பாடு தாமதமானால் இருவரில் யார் வேண்டுமானாலும் வட்டத்தைக் காட்டி இன்று வேண்டாம் என்று சொல்லலாம், மற்றவர் எதிர்த்துப் பேசக் கூடாது. மைலைக் கடைசியில்தான் எழுதுவோம். 39 நாளில் 24 நாள்தான் ஓட்டினோம், 1,018-ஆம் மைலில் லேக் வொர்த் போய்ச் சேர்ந்தோம்.

சேர்ந்தபோது படகின் முன்மூக்கில் மீசை வைத்ததுபோல் பழுப்புக் கறை. மரத்தழை ஊறிய கறுப்புத் தண்ணீர் ஏற்படுத்துவது, சோப்புக்குப் போகாது. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த படகுக் கிளீனரைப் பூசிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் தேய்க்காமலே போய்விடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய நங்கூரச் சங்கிலியில் அது படாமல் முதலில் சங்கிலியை உள்ளே இழுத்துவிடுங்கள். பூசிய இடத்தில் மெழுகும் போயிருக்கும், அது காய்ந்ததும் திரும்ப ஒருமுறை மெழுகு போட வேண்டும்.